விண்டோஸின் சொந்தக் கருவியா, டீஃப்ராக்ளரா?

ஹார்டு டிஸ்கில் துண்டு துண்டாகச் சிதறிய ஃபைல்களை ஒன்றுசேர்க்க, விண்டோஸோடு வரும் கருவியே பெரும்பாலானவர்களுக்குப் போதும். வாரம் ஒருமுறை தானாகவே ஓடும். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) என்றால் அதை அடையாளம் கண்டு, அழித்த ஃபைல்களின் இடம் இனி காலி என்று டிரைவுக்குச் சொல்லும் ட்ரிம் கட்டளை அனுப்பும்.

இதே வேலைக்கான தனி மென்பொருளான டீஃப்ராக்ளரின் பலம் வேறு. டிஸ்க் முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களாகத் திரையில் விரியும். சிவப்புக் கட்டம் ஒன்றைச் சொடுக்கினால், அங்கே சிதறிக் கிடக்கும் ஃபைல்களைப் பெயரோடு காட்டும். அவற்றில் வேண்டிய ஒன்றை மட்டும் சரிசெய்யலாம். பெரிய வீடியோக்களோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு இதனால் எவ்வளவு நேரம் மிச்சம்! பழைய ஹார்டு டிஸ்க் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். ஆனால் எஸ்எஸ்டியில் தயவுசெய்து ஓட்டாதீர்கள். வேகம் அதிகரிக்காது, தேவையில்லாமல் எழுதி எழுதி அதன் ஆயுள்தான் தேயும்.