கொள்ளுத்தாத்தா எந்த ஊர்? பத்தாங் பெர்ஜுந்தையில் தேடும் வழி

பிஜிக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களுக்கு ஆளுக்கொரு எண் உண்டு. எண்ணுக்கு நேரே தகப்பன் பேர், வயது, கிராமம், தாலுகா எல்லாம் எழுதிய ஏடுகள் இன்றும் இருக்கின்றன. மலாயாவுக்கு, அதாவது இன்றைய மேற்கு மலேசியாவுக்கு, அப்படிப் பேர் சொல்லித் தேடுகிற ஏடு கிடையாது. அங்கே ஒப்பந்த முறை 1910-ல் முடிந்தது. அதன் பிறகு 1938 வரை கங்காணி, அதாவது ஊரிலிருந்து ஆள் சேர்த்து அழைத்து வரும் மேஸ்திரி, மூலம் வந்தவர்களே அதிகம். ஆகவே வெளிநாட்டிலிருந்து இரண்டு வாரம் விடுப்பெடுத்து வந்து, கப்பல் பட்டியலைத் தேடி நாளைக் கழிக்க வேண்டாம். தடயம் இருப்பது அவர்கள் வேலை செய்த ரப்பர்த் தோட்டத்தைச் சுற்றித்தான். கோலசிலாங்கூர் மாவட்டத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பேர் மாறிய ஊரில், தோட்டத்துக்கு வந்த கொள்ளுத்தாத்தாவின் தமிழ்நாட்டு ஊரைக் கண்டுபிடிக்க என்னென்ன வசதி கிடைக்கிறது என்பதைப் பார்ப்போம். மற்றத் தோட்டப் பட்டணங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

புறப்படுமுன் வீட்டில் கிடக்கும் காகிதங்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய சிவப்பு ஐ.சி. (அடையாள அட்டை), குடியுரிமைப் பத்திரம், தொழிற்சங்க அட்டை, இந்தியாவிலிருந்து வந்த நீலக் கடிதங்கள். இவற்றில் கடிதம்தான் பொன். தபால்தலை மேல் விழுந்த வட்ட முத்திரையில் அனுப்பிய தபால் நிலையத்தின் பேர் இருக்கும். அது கிராமத்தின் பேராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தைக் காட்டிவிடும். இந்தியாவில் பின்கோடு வந்தது 1972-ல். அதற்கு முந்தைய கடிதம் என்றால் முத்திரையை விட்டால் வேறு துணை இல்லை. மங்கிய முத்திரைக்கு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து நாலைந்து கோணத்தில் படமெடுங்கள். எந்தக் கடையிலும் அசல் காகிதத்தை லேமினேட் செய்யக் கொடுக்க வேண்டாம். பழைய மை சூட்டில் கலைந்தால் திரும்பி வராது.

முதல் நாளே தேசியப் பதிவு இலாகாவுக்குப் போய்விடுங்கள். பிறப்பு, இறப்புப் பதிவேட்டு நகலை அங்கே ‘சபுத்தான்’ என்று கேட்க வேண்டும். கையால் எழுதிய பழைய ஏடு என்றால் தேட நாளாகும், அதனால்தான் முதல் நாள். உங்களிலிருந்து கொள்ளுத்தாத்தா வரைக்கும் உறவைக் காட்டும் பத்திரச் சங்கிலி கையில் இருக்கட்டும்: உங்கள் சூராட் பெரானா (பிறப்புப் பத்திரம்), அப்பாவுடையது, தாத்தாவின் இறப்புப் பத்திரம். மலேசியக் குடியுரிமையை விட்டவர்கள் உள்ளூர் உறவினர் ஒருவரை மனுதாரராக வைத்துக்கொண்டால் எளிது. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை 12.15 முதல் 2.45 வரை நீளும்; அன்றைக்குக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கெடா தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு வெள்ளியும் சனியும் அரசாங்க விடுமுறை.

நகல் கிடைத்தாலும் அதில் சொந்த ஊரை எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் ‘இந்தியா’, ‘தமிழர்’ என்பதோடு நின்றுவிடும். அடையாள அட்டைப் பதிவே 1948-ல், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தில்தான் தொடங்கியது. அதற்கு முன் இறந்தவருக்கு ஐ.சி. எண்ணும் இருக்காது. பின் எதற்கு அந்த நகல்? அவர் எந்த வருஷம் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதற்கு. அந்தத் தோட்டத்தின் பேர் இல்லாமல் அடுத்த படி எடுத்துவைக்க முடியாது.

தேடும்போது இரண்டு இடத்தில் இடறும். ஒன்று, கிராணி (தோட்ட எழுத்தர்) காதில் விழுந்ததை எழுதிய எழுத்து. முனியன், முனியாண்டி, முனுசாமி மூன்றும் வெவ்வேறு பத்திரத்தில் ஒரே ஆளைக் குறிக்கலாம்; சுப்பையாவை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதியிருப்பார்கள். இன்னொன்று, பேர் வைக்குமுன்னே பதிந்த குழந்தைகள். பேர்க் கட்டம் காலியாக இருக்கும், ஆகவே தகப்பன் பேர், தோட்டம், வருஷம் மூன்றையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். ஒரு கவுண்டரில் ‘பேர் இல்லை’ என்று திருப்பி அனுப்பிய மனு, தாய் பேரைச் சேர்த்து மறுபடி கொடுத்ததும் கிடைத்த கதை உண்டு. கேட்கும் விதம் முக்கியம்.

தோட்டத்தின் பேரிலும் கவனம் வேண்டும். தமிழர்கள் தோட்டத்துக்குத் தாங்களே வைத்த பேர் வேறு, கம்பெனிப் பேர் வேறாக இருக்கும். சில இடத்தில் நம் பேரே ஆங்கிலத்துக்கும் போயிருக்கிறது. இந்த ஊர்ப் பக்கமுள்ள தென்னமரம் தோட்டம் அப்படி. 1950-களில் பல தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது பேர்கள் இன்னும் குழம்பின. பாட்டி சொன்ன பேரையும் காகிதத்திலுள்ள பேரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்து, ஊரில் வயதான ஒரு கங்காணியிடமோ ஓய்வுபெற்ற கிராணியிடமோ காட்டிச் சரிபாருங்கள்.

இனி முக்கியமான விஷயம். தாத்தாவைத் தேடுவதை நிறுத்திவிட்டு, அவரை அழைத்து வந்த கங்காணியைத் தேடுங்கள். கங்காணி தன் ஊரிலும் சுற்றுப்பட்டிலும் உறவுக்காரர்களையும் தெருக்காரர்களையும்தான் சேர்த்துக்கொண்டு வருவார். அதனால் ஒரே லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே தாலுகாக்காரர்கள். உங்கள் குடும்பத்தில் ஊர்ப் பேர் மறந்துபோயிருக்கலாம். பக்கத்து வீட்டாரின் பேரப்பிள்ளைகளில் ஒருவருக்கு நினைவிருக்கும். ‘எங்க தாத்தா பேரு தெரியுமா’ என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். ‘எந்தக் கங்காணி செட்டு? யார் யாருக்குச் சம்பந்தம் பண்ணாங்க? யார் வீட்டுச் சாவுக்கு யார் கொள்ளி வெச்சாங்க?’ என்று கேளுங்கள். பெண் கொடுத்து எடுத்த வீடுகளை ஒரு தாளில் வரைந்தாலே ஊர் நெருங்கிவிடும்.

இப்போது லயங்கள் பெரும்பாலும் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சனம் தாமான்களுக்கும் (குடியிருப்புப் பகுதிகளுக்கும்) அடுக்குமாடிகளுக்கும் கலைந்துபோனது. அவர்கள் ஒன்றுகூடும் ஒரே நாள் தோட்டத்துக் கோயில் திருவிழா. விமான டிக்கெட் எடுக்குமுன் அந்தத் தேதியை விசாரித்துக்கொள்ளுங்கள். பத்து நாள் வீடுவீடாக அலைந்து பார்ப்பதை அன்று ஒரு பகலில் பார்த்துவிடலாம். கோயில் நிர்வாகத்திடம் பழைய உபயக்காரர் பட்டியல், ரசீதுக் கட்டு இருக்கிறதா என்று பணிவாகக் கேளுங்கள். மணி, சூலம், குத்துவிளக்கின் அடித்தட்டு இவற்றில் வெட்டிய எழுத்தையும் பாருங்கள். சில கோயில்கள் ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து கட்டியவை. அப்படியானால் எந்த ஊர் மண் என்பது பூசாரி வீட்டில் தெரிந்திருக்கும்.

குலதெய்வத்தின் பேர் பாதி முகவரி. மதுரைவீரன், மாரியம்மன், முனீஸ்வரன் எல்லா ஊரிலும் உண்டு, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பச்சையம்மன், மன்னார்சாமி, பெரியாண்டவர் என்றால் வடக்கே ஆற்காட்டுப் பக்கம் பாருங்கள். மாசி பெரியண்ணசாமி என்றால் கொல்லிமலை அடிவாரம், அதாவது நாமக்கல், துறையூர் வட்டாரம். மதுரகாளியும் செல்லியம்மனும் சேர்ந்து வந்தால் சிறுவாச்சூரைச் சுற்றிய பெரம்பலூர்ப் பக்கம். அண்ணன்மார் சாமி என்றால் கரூர், மணப்பாறை, கொங்கு. இதோடு வீட்டில் புழங்கிய உறவுப் பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பாவின் அம்மாவை அப்பத்தா என்றால் மதுரை, சிவகங்கைப் பக்கம். அப்பாயி என்றால் திருச்சி, பெரம்பலூர். அம்மாவின் அப்பாவை அப்புச்சி என்றால் கொங்கு. இது ஒன்றே சாட்சியாகாது, தெய்வத்தோடு ஒத்துப்போனால் நம்பலாம்.

பல வீட்டில் ‘நாங்க நாகப்பட்டினம்’ என்பார்கள். கங்காணி ஆட்கள் நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ இருந்த முகாமில் தங்கித்தான் கப்பலேறினார்கள். ஏறிய துறைமுகம்தான் பிள்ளைகள் மனதில் ஊராக நின்றுவிட்டது. ‘மதராஸ்’ என்பதும் அப்படியே. மாகாணம் முழுவதற்கும் அந்த ஒரு பேர்தான்.

கல்லறைக்குப் போவதானால் தோட்ட நிர்வாகத்துக்கு மலாயில் இரண்டு வரி எழுதி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். காவல் கூண்டில் அதைக் காட்டாமல் விடமாட்டார்கள். நீளக் கால்சட்டை, பூட்ஸ், காலை ஏழு மணி. செம்பனை முள் செருப்பைத் துளைக்கும், பாம்பும் உண்டு. கல்லில் தமிழ் வருஷம் வெட்டியிருந்தால் அறுபது வருஷச் சுழற்சியை மறக்க வேண்டாம்: ஈஸ்வர வருஷம் 1937-38-ம் ஆகும், 1997-98-ம் ஆகும். தை முதல் பங்குனி வரையிலான மாதங்கள் அடுத்த ஆங்கில வருஷத்தில் விழும்.

தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு தலைமையாசிரியர் மனம் வைத்தால் பார்க்கக் கிடைக்கும். ஜப்பான்காரன் காலத்துக்குப் பின் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தகப்பன் பேர்க் கட்டத்தில் சித்தப்பா பேர் இருக்கக்கூடும். ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாத தகப்பன்மார் எத்தனையோ பேர். அவர்களுக்கு இங்கே இறப்புப் பதிவு தேடாதீர்கள், கிடைக்காது.

கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நாள் போதும். சிலாங்கூர் செயலகக் கோப்புகள் அங்கே இருக்கின்றன. இணையப் பட்டியலில் தோட்டத்தின் ஆங்கிலப் பேரைத் தேடிக் கோப்பு எண்களை முன்பே எழுதிக்கொள்ளுங்கள். கோயில் நிலம், பள்ளிக்கூடம், கள்ளுக்கடை பற்றிய மனுக்களைப் பாருங்கள், கையெழுத்துப் போட்ட கங்காணிகளின் பேர் அங்கேதான் இருக்கும்.

ஊரில் வாடகைக் கார் செயலியை நம்ப வேண்டாம், பட்டணத்தைத் தாண்டினால் வண்டி வராது. உள்ளூர் அண்ணன் ஒருவரை நாள் கணக்கில் பேசிக்கொள்ளுங்கள். அவருக்கே பாதி வீடுகள் தெரிந்திருக்கும்.

தமிழ்நாட்டுக்குப் போகுமுன் மாவட்டப் பேரை இன்றைய வரைபடத்துக்கு மாற்றுங்கள். தென்னாற்காடு என்றால் இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. சேலம் என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல்லும் சேரும். திருச்சி என்றால் கரூர், பெரம்பலூர், அரியலூரும் உண்டு. பட்டா தேடி அலையாதீர்கள், கப்பலேறியவர்களில் பெரும்பாலோருக்கு நிலம் இருந்ததில்லை. நேரே குலதெய்வக் கோயில் பூசாரியிடம் போங்கள். ‘எந்தத் தெரு’ என்று முதலில் கேட்பார்கள், அது சாதியைக் கேட்பது. பதில் தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் கங்காணியின் பேரையும் தோட்டத்தின் பேரையும் சொல்லுங்கள். மலாயாவுக்குப் போய்க் காசு அனுப்பாமல் நின்றுபோனவர்களின் பேர் அந்தத் தெருக்களில் இன்னும் சொல்லப்படுகிறது.