அன்டிகனி: சிறுவர்க்குக் கதையாகச் சொல்வதா, காட்சிகளாக வாசிப்பதா?

பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸ் ஏறத்தாழ கி.மு. 441இல் அரங்கேற்றிய ‘அன்டிகனி’யைச் சிறுவர்க்குக் கதையாகச் சுருக்கிச் சொல்லலாம், அல்லது சில காட்சிகளைப் பாத்திரம் பிரித்து உரக்க வாசிக்க வைக்கலாம்.

கதையாகச் சொன்னால் முன்கதை எளிதில் விளங்கும்: தீப்ஸ் நகரின் அரியணைக்காக மோதி ஒருவரையொருவர் கொன்ற சகோதரர்களில் எட்டியோக்ளீசுக்கு மரியாதையோடு அடக்கம் செய்வித்து, பாலினைசீசை அடக்கம் செய்பவருக்கு மரண தண்டனை என்று ஆணையிடுகிறான் மன்னன் கிரேயோன், இறந்தவர்களின் சகோதரி அன்டிகனி அதை மீறுகிறாள். இறுதியில் வரும் மூன்று தற்கொலைகளை எவ்வளவு சொல்வது என்பதையும் வயதறிந்து முடிவு செய்யலாம். ஆனால் சுருக்கத்தில் கிரேயோன் பெரும்பாலும் வெறும் கொடுங்கோலனாகிவிடுகிறான். நகரைக் காத்த எட்டியோக்ளீசையும் அதன்மீது படையெடுத்த பாலினைசீசையும் ஒன்றாக நடத்த முடியாது என்ற அவனுடைய வாதம் காணாமல் போகிறது.

காட்சி வாசிப்பு அந்த வாதத்தை மீட்டுத் தருகிறது. குறிப்பாக, வெள்ளத்துக்கு வளையும் மரமே தன் கிளைகளைக் காத்துக்கொள்ளும் என்று தந்தை கிரேயோனிடம் பணிவாகப் பேசத் தொடங்கும் ஹேமோன், ஒற்றை வரிகளில் அவனோடு மோதி வெளியேறும் பகுதியை மாணவர்கள் இடம் மாறி மாறி வாசித்தால், இரு தரப்பின் நியாயமும் அவர்கள் வாயாலேயே வெளிவரும். செய்தி சொல்ல நடுங்கும் காவலன் சிரிப்பும் மூட்டுவான். கோரஸ் எனும் பாடற்குழுவின் பாடல்களை, மனமில்லாமல்தான், விட்டுவிட வேண்டியிருக்கும்.

பத்து வயதுக்குக் கீழே கதை போதும். அதற்கு மேற்பட்டோருக்கு, கதையை முன்னுரையாக மட்டும் சொல்லிவிட்டு, காட்சிகளையே நான் தேர்ந்தெடுப்பேன்.