பூப்பந்தா, இறகுப்பந்தா, வெறும் நடையா?

பரணில் ஏறியது பித்தளை உருளியை எடுக்கத்தான். வீட்டில் கும்மாயம் என்கிற உளுந்து இனிப்பு கிண்டுவதாகப் பேச்சு. கையில் முதலில் தட்டுப்பட்டதோ என் பழைய பூப்பந்து மட்டை. நரம்பு நாலைந்து இடத்தில் அறுந்து சுருண்டு கிடந்தது. கைப்பிடியில் சுற்றியிருந்த துணி, பள்ளிக்கூட நாள் வியர்வையில் கறுத்து, பிசுபிசுப்பெல்லாம் காய்ந்து பட்டையாக இறுகியிருந்தது. உருளியை விட்டுவிட்டு மட்டையோடு இறங்கினேன். "ஐம்பதைத் தொடப்போகிற வயதில் பந்தடிக்கப் போகிறீர்களா?" என்றாள் மனைவி. உருளியைப் பற்றிக் கேட்டது அதற்குப் பிறகுதான்.

அதற்கு நான்கு நாள் முன்புதான் ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.3 சதவீதம். 5.7-க்குக் கீழே என்றால் கவலையில்லை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நான் நடுவில், எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாத திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. நெஞ்சுக்கு ஒரு டிரெட்மில் பரிசோதனை எடுத்துப் பார்த்துவிட்டு, வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்றார். உழைக்கிற தசை இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளுமாம். எந்த விளையாட்டு என்று அவர் சொல்லவில்லை. அங்கேதான் குழப்பம் தொடங்கியது.

நடை பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. தைப்பூசத்துக்குக் காவடி தூக்கிக்கொண்டு குன்றக்குடியிலிருந்து பழனி வரை நடக்கிற சீமை இது. நடையைக் குறை சொன்னால் என் அப்பத்தாவே கனவில் வந்து கேட்பார். செலவில்லை, துணைக்கு ஆள் தேவையில்லை, சாப்பிட்ட கையோடு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறுவதும் மட்டுப்படுகிறது. ஆனால் நான் காரைக்குடியில் காலையில் நடந்த ஆறு வாரத்தில், ஓய்வுபெற்ற அண்ணன்மார் நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள். நடை நாளுக்கு நாள் குறுகியது, டீக்கடைப் பெஞ்சு நீண்டது. கடைசி வாரம் ஆமவடைக்காகத்தான் எழுந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே போட்டி பூப்பந்துக்கும், ஷட்டில் என்று சொல்லும் இறகுப்பந்துக்கும் இடையில்தான். இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில பத்திரிகைகளே இறகு வைத்த பந்தாட்டத்தைப் பூப்பந்து என்று எழுதிவிடுகின்றன. பூப்பந்து என்பது மஞ்சள் கம்பளிநூல் சுற்றிய பந்து. 27 முதல் 30 கிராம் எடை, அணிக்கு ஐந்து பேர், திறந்தவெளிச் செம்மண் தரை. 1856 வாக்கிலேயே தஞ்சை அரச குடும்பத்தார் ஆடியதாகச் சொல்வார்கள். நம் மண்ணில் பிறந்த ஆட்டம். இறகுப்பந்தோ 5 கிராம்தான். பதினாறு இறகு, கூரை போட்ட அரங்கு.

முதலில் நான் போனது இறகுப்பந்துக்கு. காரணம் எளிது: ஆள் கிடைத்தார்கள். ஒரு நண்பர் அரங்கில் மணிக்கணக்கில் வாடகைக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். கல்லூரி விடுதியில் இரண்டு வருடம் ஆடிய ஆட்டம்தான், ஆனால் விதி மாறியிருந்தது. அன்று சர்வீஸ் நம் கையில் இருந்தால்தான் புள்ளி, 15-க்கு ஆட்டம். 2006 முதல் யார் சர்வீஸ் போட்டாலும் புள்ளி, 21 வரை. இதனால் என்ன என்று கேட்கலாம். பந்து எதிராளியிடம் இருக்கும்போது சற்றுச் சோம்பலாக நின்று மூச்சு வாங்குகிற வசதி போய்விட்டது. ஒவ்வொரு பந்துக்கும் உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாம் நாள். எதிர்ப்பக்கத்துப் பையன் வலையோரமாகப் பந்தை மெல்ல உதிர்த்தான். அதை எடுக்கலாம் என்று கண் சொன்னது, கையும் நீண்டுவிட்டது. இருபது வயதில் எடுத்த பந்து அது. ஒரு காலை முன்னே வீசினேன். பின்னங்காலின் கெண்டைச் சதையில் யாரோ கல்லெறிந்ததுபோல் சுரீரென்றது. எறிந்தது யார் என்று திரும்பிக்கூடப் பார்த்தேன். மூன்று வாரம் மாடிப்படி ஏறவில்லை.

பிசியோதெரபிஸ்ட் சொன்னதுதான் எனக்குப் பெரிய பாடம். பயிற்சி தொடங்கினால் சில வாரங்களிலேயே தசைக்கு வலு வந்துவிடும். தசையை எலும்போடு கட்டுகிற நாண்களுக்கு மாதங்கள் பிடிக்கும். இடையில் உள்ள காலத்தில்தான் ஆள் மாட்டிக்கொள்கிறான், அதுவும் முன்பு ஆடிய ஆள். புதிதாகக் கற்பவனுக்கு இந்த ஆபத்து குறைவு. அந்தப் பந்தை எடுக்கலாம் என்றே அவனுக்குத் தோன்றாது.

இறகுப்பந்தின் இன்னொரு குறையை இந்த ஊர்க்காரன் என்ற முறையில் சொல்கிறேன். காற்றுப் பட்டால் பந்து திசைமாறும் என்று மின்விசிறியை நிறுத்துகிறார்கள், ஜன்னலை அடைக்கிறார்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். முற்றத்தில் காற்றும் வெளிச்சமும் இறங்கும்படி வீடு கட்டிய ஊரில் இப்படி ஒரு தண்டனை.

கால் தேறியதும் பூப்பந்து. தேவகோட்டையில் பள்ளி மைதானத்தில் கோடைவெயில் தணிந்ததும் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடிய ஆட்டம். ஐந்து பேர் நிற்பதால் ஒருவன் காக்க வேண்டிய இடம் குறைவு என்றுதான் எண்ணியிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. பூப்பந்துக் களம் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். பாதியில் ஐந்து பேர் என்றால் ஆளுக்கு ஏறக்குறைய 29 சதுர மீட்டர். இறகுப்பந்து இரட்டையர் களத்தில் ஆளுக்கு 20 சதுர மீட்டர்தான். தொழில் கணக்கெழுதுவது, எனக்கே இது வெட்கமாகப் போயிற்று.

பிறகு ஏன் பூப்பந்தில் கால் தப்பிக்கிறது? என் அனுபவத்தில் காரணம் பந்துதான். இறகுப்பந்து பாய்ந்து வந்து நடுவானில் செத்து விழும். குதிரை வேகமும் திடீர் நிறுத்தமும் மாறி மாறி வேண்டும். கம்பளிப்பந்து அப்படி ஏமாற்றுவதில்லை. வருகிற பாதை தெரிகிறது, முன்னே இருவர், நடுவில் ஒருவர், பின்னே இருவர் என்ற வரிசையில் எனக்கு எட்டாதது இன்னொருவருக்கு எட்டுகிறது. விட்டுவிடலாம். "விடுகிறேன்" என்று கத்தினால் மானம் போவதில்லை. இந்த ஒரு வசதிக்காகவே என் ஓட்டு பூப்பந்துக்கு.

குறை இல்லாமல் இல்லை. மட்டை 165 முதல் 185 கிராம். இறகுப்பந்து மட்டை 100 கிராமுக்குள்தான். இங்கே வேலை மணிக்கட்டுக்குக் குறைவு, தோளுக்கு அதிகம். முதல் வாரம் சட்டை மாட்டும்போது இடது கையால் வலது கையைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. மார்கழிக் காலையில் பனியில் நனைந்தால் பந்து கனத்து, அடித்தால் தொப்பென்று ஈரத்துணிபோல் கிளம்புகிறது. மதிய உறக்கத்துக்குப் பின் ஆடிக்காற்றில் ஆடுவதெல்லாம் தனிக்கலை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஆள் பஞ்சம். இறகுப்பந்துக்கு இருவர் போதும். பூப்பந்துக்குப் பத்துப் பேர். எங்கள் தெருவில் பாதி வீட்டு முகப்பில் பூட்டுத் தொங்குகிறது. உரியவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வருவார்கள். பொங்கலுக்கு வருகிற பின்வரிசை ஆட்டக்காரரை வைத்துக்கொண்டு நான் சர்க்கரையைக் குறைக்க முடியாது.

இப்போது வாரத்தில் மூன்று மாலை பூப்பந்து, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். மற்ற நாள்களில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருமுனை வரை நடை, அதுவும் டீக்கடை இல்லாத திசையில். ஆட்டத்துக்கு முன் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது கட்டாயம். பழைய மட்டைக்கு நரம்பு கட்டக் கொடுத்தேன். சட்டம் இழுவை தாங்காது என்று கடைக்காரர் திருப்பித் தந்துவிட்டார், புதிது வாங்கிக்கொண்டேன். அடுத்த ரத்தப் பரிசோதனை தை மாதக் கடைசியில். அதற்கு முன் பலகாரம் மணக்கிற பிள்ளையார் நோன்பு வேறு வருகிறது.

நேற்று வரை ஏழு பேர் சேர்ந்திருக்கிறோம், நாலுக்கு மூன்றாக ஆடுகிறோம். கண்டனூரில் ஒருவர் அந்தக் காலத்தில் நன்றாக ஆடுவாராம். முழங்கால் வலி என்று தயங்குகிறார். முன்வரிசையில் நின்றால் போதும், ஓட வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.