தன்வரலாறா, நேரில் கண்ட குறிப்பா? விலங்குக் கதை எழுதப் பழக்கும் இரு முறைகள்

உயிரியல் பூங்கா விலங்கைப் பற்றிக் கதை எழுதச் சொல்லும்போது நம் பள்ளிகளில் பெரும்பாலும் கையாளப்படுவது தன்வரலாற்று முறை. ‘நான்தான் சிங்கம் பேசுகிறேன்’ என்று கரும்பலகையில் தொடங்கிக் கொடுத்து, கூண்டு, காவலர், காடு, விடுதலை எனச் சில குறிப்புச் சொற்களையும் எழுதிவிட்டால், ஒரே பாடவேளையில் வகுப்பு முழுவதும் கதை எழுதி முடித்துவிடும். மற்றொன்று, வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா போன்ற இடத்துக்கு அழைத்துச் சென்று, ஒவ்வொருவரையும் ஒரே ஒரு விலங்கின் முன் அரை மணி நேரம் நிற்கவைத்து, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதச் செய்து, மறுநாள் அதிலிருந்து கதை எழுதவைப்பது.

முதல் முறைக்குச் செலவில்லை. எழுதத் தயங்கும் பிள்ளைக்கும் ‘நான்’ என்ற சொல் துணிவு தருகிறது. ஆனால் வேடன் பிடித்தான், கூண்டில் அடைத்தார்கள், ஒரு நாள் கதவு திறந்திருந்தது, காட்டுக்கு ஓடினேன் என்று எல்லா ஏடுகளிலும் ஒரே கதைதான் வருகிறது. சிங்கத்தை எடுத்துவிட்டுக் கரடியை வைத்தாலும் ஒரு வரியும் மாறாது. விலங்கின் பெயரில் எழுதப்பட்ட கதையில் அந்த விலங்கே இல்லை என்பதுதான் என் மனக்குறை.

பார்த்து எழுதும்போது கதை வேறிடத்தில் தொடங்குகிறது. வாயைத் திறந்தபடி அசையாமல் கிடக்கும் முதலையைக் கண்ட மாணவர், அது கோபமாக இருக்கிறது என்றுதான் முதலில் எழுதுவார். உடல் வெப்பத்தைச் சீராக்கவே அது வாய் திறக்கிறது என்று அறிந்தபின், வெயிலே அக்கதையின் முக்கியப் பாத்திரமாகிவிடும். கன்னப்பையில் பழத்தை அடக்கிக்கொண்டு கிளையில் அமர்ந்திருக்கும் சிங்கவால் குரங்கு இன்னும் வளமான பொருள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் மட்டுமே இயற்கையாக வாழும் இனம் அது. பூங்காவிலேயே பிறந்த ஒரு குட்டி அந்தக் காட்டைக் கண்டதே இல்லை எனில், அது எதை எண்ணி ஏங்கும்? இந்த ஒரு கேள்வி, ‘காட்டுக்கு ஓடினேன்’ என்ற வழக்கமான முடிவைப் பிள்ளைகள் கைவிடப் போதுமானது.

இம்முறையிலும் குறை உண்டு. வெள்ளைப் புலியை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது பனிநாட்டிலிருந்து வந்ததல்ல, அரிய மரபணுவால் வெளிர்நிறம் பெற்ற இந்தியப் புலியே என்பது கண்ணுக்குப் புலப்படாது. அதை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 602 எக்டேர் பரப்புள்ள வண்டலூர்ப் பூங்காவில் எல்லாவற்றையும் காட்ட முயன்றால் நடப்பதிலேயே பகல் கழிந்துவிடும் என்பதால், இரண்டு மூன்று அடைப்பிடங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அப்பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

உயர் வகுப்பினருக்குப் பூங்காவின் வரலாறே கதைக்கரு ஆகலாம். 1855-இல் சென்னை நகருக்குள் தொடங்கி, 1985-இல் வண்டலூரில் திறக்கப்பட்ட பூங்கா அது. தெருவிளக்கும் வண்டிச் சத்தமும் பழகிய ஒரு விலங்கு புதிய இடத்தில் கழித்த முதல் இரவைக் கற்பனை செய்யச் சொல்லலாம்.

ஆகவே பார்த்து எழுதுவதையே நான் முதலில் வைப்பேன். தன்வரலாற்றை அதற்குப் பின், குறிப்பேடு நிறைந்த பிறகே கொடுப்பேன். பயணத்துக்கு வழியில்லாத பள்ளியில், வளாகத்து வேப்பமரத்தில் ஓடும் அணிலை அரை மணி நேரம் பார்த்துப் பழகியபின் பூங்கா விலங்கின் காணொளிக்குச் செல்லலாம்.