ஊரிலேயே கேஸ் ஏற்றுவதா, கீழே கொண்டுபோவதா: குளிராத கார் ஏசி

குன்னூரில் கார் வைத்திருப்பவருக்கு ஏசி கெட்டுப்போனது தெரியவே ஆறு மாதம் ஆகும். எனக்கும் அப்படித்தான். ஏப்ரலில் ஒரு கல்யாணத்துக்காக மேட்டுப்பாளையம் இறங்கும்போது, பர்லியாறு தாண்டியதும் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டால், சமையற்கட்டிலிருந்து வருவது மாதிரி வந்தது காற்று. பட்டுப்புடவையோடு பின்னால் உட்கார்ந்திருந்த அத்தை கல்லாறு வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னதை இங்கே எழுத முடியாது.

நமக்கு இருக்கிற வழி மூன்று. ஊரிலேயே கேஸ் (ஏசியைக் குளிரவைக்கும் வாயு) ஏற்றுவது, கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் லீக் பார்ப்பது, டின்னில் விற்கும் கேஸை வாங்கி நாமே ஏற்றிக்கொள்வது.

எதற்கும் முன்னால் காசு செலவில்லாமல் ஒரு பத்து நிமிஷம். இன்ஜினை ஓட விட்டு, ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்து பாருங்கள். 'டிக்' என்று கிளட்ச் (கியர் போடும் கிளட்ச் அல்ல, ஏசிக்கென்றே இருப்பது) பிடித்து, கேஸை அழுத்தும் கம்ப்ரஸரின் முன்தட்டு சுற்றுகிறதா? சுற்றாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, கிளட்ச் காயில் எதுவாகவும் இருக்கலாம், கேஸ் ரொம்பக் குறைந்தாலும் சுற்றாது. (கிளட்ச் இல்லாத கம்ப்ரஸர் உள்ள வண்டியில் இந்தச் சோதனை செல்லாது.) ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடாகிறதென்றால் முதலில் கண்டென்சர் ஃபேனை, அதாவது கேஸின் சூட்டை வெளியே தள்ளும் முன்பக்க மின்விசிறியைப் பாருங்கள். அப்புறம் மலைக்காரர்கள் மறக்கக் கூடாத ஒன்று: டிசம்பர், ஜனவரி முழுக்க ஹீட்டரில் ஓட்டியிருப்போம், சூட்டையும் குளிரையும் கலக்கும் உள் கதவு அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டு நிற்கும். ஏசி நன்றாகத்தான் வேலை செய்யும், உள்ளே வருவது ஹீட்டர் காற்று. இதற்குப் போய் கேஸ் ஏற்றியவர்கள் உண்டு.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் கேஸ் பேச்சே. நான் முதலில் ஊரிலேயே ஒரு பட்டறைக்குப் போனேன். ஜூன் மாதம், மழை, வெளியே 15 டிகிரிதான் இருக்கும். கேஜை (அழுத்தம் காட்டும் இரட்டை முள் மீட்டர்) மாட்டினவர் "கேஸ் கம்மியா இருக்குங்க" என்று ஏற்றிவிட்டார், 1,800 ரூபாய். அங்கேயே கை வைத்துப் பார்த்தோம், ஜில்லென்று இருந்தது. வெளியே 15 டிகிரியில் எந்தக் காற்றுதான் ஜில்லென்று இருக்காது! அடுத்த வாரம் கோவையில் மதிய வெயிலில் பத்து நிமிஷம் குளிரும், நிற்கும், மறுபடி குளிரும்.

கோளாறு அவர் கையில் இல்லை, கேஜை நம்பினதில். வண்டி ஓடாமல் நிற்கும்போது முள் காட்டுவது கேஸின் அளவை அல்ல, வெப்பத்தை. கார் ஏசியில் இருக்கும் ஆர்-134ஏ என்ற கேஸ் உள்ளே கொஞ்சம் திரவமாக இருக்கிறவரை 15 டிகிரியில் சுமார் 55 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) காட்டும், 35 டிகிரியில் சுமார் 115. ஓடும்போதும் குளிரில் இரண்டு முள்ளும் தாழ்ந்தே நிற்கும். சமவெளிக் கணக்கை மனதில் வைத்து முள் ஏறுகிறவரை ஏற்றினால் கேஸ் அதிகமாகிவிடும், மலைமேல் இருக்கிறவரை அது தெரியாது. வெயிலில் இறங்கியதும் அழுத்தம் எகிறி, பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். கேஸ் ஏற்றும் முன் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுப்பதுதான் வேக்கம் போடுவது, அதிலும் இதே குழப்பம். கடல் மட்டத்தில் முள் 30 அங்குல (பாதரச அளவு) வேக்கத்தை ஒட்டிப் போகும், 1,850 மீட்டரில் இருக்கிற குன்னூரில் எவ்வளவு நல்ல பம்ப்பானாலும் 24-ஐத் தாண்டாது, ஏனென்றால் காற்றழுத்தமே அவ்வளவுதான்.

டின் கேஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எடை தெரியாது, உள்ளே புகுந்த காற்றும் ஈரமும் வெளியேறாது, லீக் அடைக்கும் மருந்து கலந்த டின்னென்றால் பின்னால் கேஸை உறிஞ்சி எடை போடும் மெஷினை மாட்டுகிறவர் திட்டுவார். மலிவு கேஸ் என்று எரிவாயுவை ஏற்றுகிற ஆட்களும் இருக்கிறார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கோவையில் ஆனது இது. இருந்த கேஸை மெஷின் உறிஞ்சி எடை போட்டது, பானெட்டுக்குள் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் போட்டிருந்ததைவிட அதிகம். பிறகு நைட்ரஜன் ஏற்றி, சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்ததில் கம்ப்ரஸரின் சுழலும் தண்டைச் சுற்றிக் கேஸ் கசியாமல் அடைக்கும் ஷாஃப்ட் சீலில் மெல்லிய குமிழி. மாதக்கணக்கில் ஏசி போடாவிட்டால் சீலுக்கு எண்ணெய் போகாமல் காய்ந்துவிடும், மலை வண்டிகளின் வியாதி என்றார் கோவை மெக்கானிக். கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீருகிற சாமான் இல்லை, குறைந்தால் எங்கோ வழி இருக்கிறது. சீல் மாற்றி, அரை மணிக்கு மேல் வேக்கம் போட்டு, ஸ்டிக்கரில் இருந்த கிராமுக்கு ஏற்றினார்கள். ஒரு நாள் போனது, 6,500 ரூபாயும் போனது. டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் லீக் இருந்திருந்தால் டாஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும், செலவு இன்னும் ஏறியிருக்கும்.

என் ஓட்டு கோவைக்குத்தான். ஆனால் இடத்துக்காக அல்ல, எடை மெஷினுக்காக. ஊட்டியிலோ கோத்தகிரியிலோ எடை போட்டு ஏற்றுகிற பட்டறை கிடைத்தால் அங்கேயே செய்யலாம், கேஜை மட்டும் பார்த்து ஏற்றுகிறவர் கோவையிலும் இருக்கிறார்.

"மலையில ஏசி எதுக்கு, அப்படியே விடு" என்று நாலாவது வழி சொல்கிறவர் எங்கள் அப்பா. காட்டேரிப் பக்கம் மஞ்சு இறங்கி, உள்ளே நாலு பேர் மூச்சில் முன்கண்ணாடி வெளுத்துப்போகும்போது, ஹீட்டரோடு சேர்த்து ஏசியையும் போட்டால் ஈரம் சட்டென்று இறங்கும். இப்போது வாரம் ஒரு தடவை அவரே போட்டுவிடுகிறார், துணி வைத்துத் துடைக்கிற வேலை மிச்சமாம்.