சாய்வாக வெட்ட: வைஸைத் திருப்புவதா, வாளைத் திருப்புவதா?

யாழ்ப்பாணத்துப் பட்டறைகளில் கேற், கிறில் செய்பவர்களுக்கு 45 பாகை வெட்டு அன்றாட வேலை. வளையமாக ஓடும் பட்டை பிளேட்டால் வெட்டும் வாளான பாண்ட் சோவில் அதற்கு இரண்டு வழி உண்டு.

வைஸ், அதாவது பாரை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி, திரும்பும் மெஷின் விலை குறைவு. வாளின் தலை ஒரே திசையில் நிற்பதால் உறுதியும் கூட. ஆனால் 20 அடி பொக்ஸ் பார் முழுவதும் குறுக்கே திரும்பும். வீட்டோடு சேர்ந்த ஒடுங்கிய கொட்டிலில் அதன் மறுமுனை மதிலில்தான் இடிக்கும். வாளின் தலை திரும்பும் மெஷினில் பார் நேராகவே கிடக்கும், தாங்கி உருளைகளை அசைக்கத் தேவையில்லை. நீளப் பார் வெட்டுபவருக்கு நான் இதையே சொல்வேன்.

எதை வாங்கினாலும், மெஷினில் பொறித்த பாகைக் கோட்டை மட்டும் நம்பவேண்டாம். 45 பாகை மூலைமட்டத்தை வைஸின் அசையாத தாடையில் வைத்து, பிளேட்டின் உடலோடு ஒட்டிப் பாருங்கள். பற்கள் இருபுறமும் விரிந்திருப்பதால் அவற்றில் மட்டம் பிடிக்கக்கூடாது. ஒவ்வொரு துண்டிலும் அரைப் பாகை பிழைத்தால் மூலையில் ஒரு பாகை. 4 அடிச் சட்டத்தின் நுனியில் அது ஏறத்தாழ 21 மில்லிமீற்றர். பிளேட்டை நேராகப் பிடிக்கும் வழிகாட்டிகளையும் பாருக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். 45 பாகையில் 50 மில்லிமீற்றர் பார் 71 மில்லிமீற்றர் அகலமாகிறது. வழிகாட்டிகளுக்கு இடையே தாங்கலில்லாத அந்தத் தூரத்தில்தான் பிளேட் விலகும்.