மரத்தில் தொலைநோக்கி மவுண்ட்: பெட்டியா, கவட்டையா, சாய்ந்த அச்சா?

கண்ணாடி எவ்வளவு அருமையாக இருந்தாலும், அதைத் தாங்கும் மவுண்ட் நடுங்கினால் வியாழனின் பட்டைகள் தெரியாது. துள்ளிக்கொண்டிருக்கும் ஒரு வெளிச்சப் பொட்டுதான் தெரியும். 150 மடங்கு பெருக்கத்தில் நடுக்கமும் 150 மடங்காகத்தான் கண்ணுக்கு வந்து சேரும். மரத்தில் மவுண்ட் செய்ய இறங்குகிறவருக்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு: டாப்சோனியன் பெட்டி, முக்காலி மேல் கவட்டை, துருவத்தை நோக்கிச் சாய்ந்த அச்சுள்ள ஈக்வடோரியல். பெட்டிக்கு அடியில் வைக்கிற சுழலும் மேடையையும் சேர்த்தால் நான்கு. எது உசத்தி என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் வாக்குவாதம் ஓயாது. எந்த வடிவத்தில் மரம் தன் பலத்தைக் காட்டுகிறது என்று கேட்டால் விடை சீக்கிரம் கிடைத்துவிடும்.

அகலமான பலகையாக, பெரிய வட்டமாக இருக்கும்போது மரத்தை மிஞ்ச ஆளில்லை. அதையே ஒல்லியான தண்டாகவோ, சின்னத் துளைக்குள் சுழலும் அச்சாகவோ வைத்தால் வளையும், ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி லொடலொடக்கும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். அச்சின் மையத்திலிருந்து 25 மி.மீ. ஆரத்தில் உரசும் இடம், அங்கே அரை மி.மீ. ஆட்டம் என்றால், குழாய் ஒரு பாகைக்கும் மேல் ஆடும். நிலவின் அகலமே அரைப் பாகைதான். அதே அரை மி.மீ. ஆட்டம் 200 மி.மீ. ஆரத்தில் இருந்தால் ஒரு பாகையில் ஏழில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடுகிறது. தச்சு வேலையில் அரை மி.மீ. தவறு சகஜம். ஆரத்தைப் பெரிதாக்கினால் அந்தத் தவறு மன்னிக்கப்படும். கீழே வரும் ஒப்பீடு முழுவதையும் இந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் செய்திருக்கிறேன்.

பெட்டி

ஜான் டாப்சன் சான் ஃபிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் 1944 முதல் 1967 வரை துறவியாக இருந்தவர். கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்துத் தொலைநோக்கி ஆடி செய்து, அட்டைக் குழாயில் பொருத்தி, பிளைவுட் பெட்டியில் உட்கார வைத்துத் தெருவில் போகிறவர்களுக்கு வானத்தைக் காட்டினார். மடத்தை விட்டு வெளியே வந்த பிறகு, 1968-இல் தெருவோர வானியலாளர்கள் அமைப்பு உருவானது. அவர் பெயரால் டாப்சோனியன் என்று அழைக்கப்படும் மவுண்டுக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை.

அமைப்பு எளிது. தரையில் மூன்று கால்களுடன் ஒரு அடிப்பலகை. அதன்மேல் இடவலமாகச் சுழலும், மேல்பக்கம் திறந்த பெட்டி. குழாயின் இரு பக்கமும் பொருத்திய மர வட்டங்கள் பெட்டியின் பக்கச்சுவரில் வெட்டிய வளைவில் உட்கார்ந்து மேலும் கீழும் உருளும். பளு எப்போதும் கீழ்நோக்கி, நேராகப் பலகைகள் வழியே தரைக்கு இறங்குகிறது. எங்கேயும் தொங்கலில் நிற்கும் தண்டு கிடையாது. மேலே சொன்ன அளவுகோலில் இது முழு மதிப்பெண் வாங்கும்.

சூட்சுமம் உரசும் இடத்தில் இருக்கிறது. டெஃப்ளான் துண்டுகள் மீது சொரசொரப்பான லேமினேட் நகர வேண்டும். டெஃப்ளானின் சிறப்பு வழுக்குவது மட்டுமல்ல, நகரத் தொடங்கத் தேவைப்படும் விசைக்கும் நகர்ந்துகொண்டிருக்கும்போது தேவைப்படும் விசைக்கும் அதில் வித்தியாசம் மிகக் குறைவு. அந்த வித்தியாசம் பெரிதாக இருந்தால், தள்ளும்போது முதலில் அசையாமல் நின்று, பிறகு திடீரென்று தாவி, பார்க்க வேண்டிய விண்மீனைத் தாண்டிப் போய்விடும். மையத்திலிருந்து 60 செ.மீ. தள்ளிக் குழாயின் முனையைப் பிடித்து இரண்டு கலைநிமிடம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு கலைநிமிடம்) நகர்த்த வேண்டுமென்றால் கை நகர வேண்டியது ஏறக்குறைய 0.35 மி.மீ. மட்டுமே. பளபளவென்று வழுவழுப்பான ஃபார்மைக்காவைத் தேடிப் போகிறவர்கள் உண்டு, அது தேவையில்லை. லேசான மேடுபள்ளம் உள்ள பரப்பில்தான் டெஃப்ளான் சீராக நகரும்.

மூன்று டெஃப்ளான் துண்டுகளையும் 120 பாகை இடைவெளியில், கால்களுக்கு நேர் மேலே வையுங்கள். காலுக்கும் துண்டுக்கும் இடையே பலகை தொங்கினால் அது வில்லாக வளையும். முன்பலகையை அழகுக்காக மட்டும் இருக்கிறதென்று நினைத்துத் தவிர்த்துவிடாதீர்கள். அது இல்லாத பெட்டி இரண்டு பக்கமும் முறுக்கிக்கொள்ளும். பக்கச்சுவரின் கனத்தைக் கூட்டுவதைவிட முன்பலகையை உயர்த்துவது அதிகப் பலன் தரும்.

இங்கே ஒரு உட்பிரிவுச் சண்டை உண்டு: டெஃப்ளானா, உணவு மேசையில் சுழலும் தட்டுக்கு அடியில் இருக்கும் குண்டு பேரிங்கா? பேரிங் போட்ட பெட்டியை ஒரு விரலால் சுழற்றிக் காட்டி அசத்தலாம். ஆனால் அந்த லேசுத்தனமே அதன் குறை. காற்று தொட்டாலும் நகரும், ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) மாற்றக் கை வைத்தாலும் நகரும். நமக்கு வேண்டியது விட்ட இடத்தில் நிற்கும் உராய்வு, தள்ளினால் மறுக்காமல் வரும் உராய்வு. என் ஓட்டு டெஃப்ளானுக்கே. மிகக் கனமான குழாய்க்கு மட்டும் இரண்டையும் கலந்து, பளுவின் ஒரு பகுதியைப் பேரிங்கில் இறக்கிவிடலாம்.

பக்கவாட்டு வட்டங்களையும் பெரிதாகவே வெட்டுங்கள். 10 செ.மீ. வட்டத்தோடு நின்றுவிட்டால், கனமான ஐபீஸைப் போட்டதும் மூக்கு தாழும், எடுத்ததும் வால் தாழும். விட்டத்தை இரட்டித்தால் அதே உராய்வுக்குத் தாங்கும் திருப்புவிசையும் இரட்டிக்கிறது. வட்டத்தின் மையம் குழாயின் எடை மையத்திலேயே விழ வேண்டும். அதனால் ஆடி, ஐபீஸ், தேடுநோக்கி எல்லாவற்றையும் பொருத்திய பிறகு, குழாயைக் கத்தி முனை போன்ற ஒரு சட்டத்தின் மேல் படுக்க வைத்து எடை மையத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் ரம்பத்தை எடுக்க வேண்டும்.

பெட்டியின் குறைகளும் உண்மையானவை. நேர் உச்சியில் இருக்கும் பொருளைத் தொடர வேண்டுமென்றால், குழாய் செங்குத்தாக நிற்பதால், இடவலமாகத் தள்ளப் பிடிமானமே கிடைக்காது. வானம் தொடர்ந்து நகர்வதால் இரண்டு திசையிலும் அடிக்கடி தட்டிக்கொடுக்க வேண்டும். 50 பாகைப் புலம் உள்ள ஐபீஸில் 150 மடங்கு பெருக்கினால் தெரியும் வானம் 20 கலைநிமிடம். வான நடுவரைக்கு (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கற்பனைக் கோடு) அருகே உள்ள பொருள் அதைக் கடக்க ஆகும் நேரம் 80 வினாடி. பழகியவருக்கு இது ஒரு பொருட்டல்ல, கோளை வரைந்துகொண்டிருப்பவருக்கு எரிச்சல்.

கவட்டை

பெட்டி, லென்ஸுக்குப் பதில் ஆடியால் ஒளியைக் குவிக்கும் நியூட்டன் வகைத் தொலைநோக்கிக்குப் பிறந்தது, அதில் ஐபீஸ் மேல்முனையில் இருக்கும். லென்ஸ் தொலைநோக்கியைப் பெட்டியில் வைத்தால் ஐபீஸ் தரையைத் தொடும், நீங்கள் படுத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். ஆகவே லென்ஸ் குழாய்க்கும் குட்டையான சிறு குழாய்களுக்கும் உயரமான முக்காலியும் அதன் தலையில் ஒரு கவட்டையும் வேண்டும். நீண்ட லென்ஸ் குழாய் வைத்திருப்பவருக்குப் பெட்டியும் கவட்டையும் போட்டியே இல்லை. போட்டி குட்டை நியூட்டன் குழாய்க்காரருக்குத்தான்.

முக்காலியில் மரத்துக்கு இயல்பாகவே ஒரு சாதகம் இருக்கிறது. மெல்லிய அலுமினியக் குழாய்க் கால்கள் தட்டினால் அதிர்ந்துகொண்டே இருக்கும். நல்ல கடின மரம் அந்த அதிர்வை உள்ளுக்குள் விழுங்கிவிடும். ஒவ்வொரு காலையும் ஒற்றைக் கட்டையாக இல்லாமல், மேலே அகன்று கீழே கூடும் இரண்டு சட்டங்களாகச் செய்தால் முறுக்கலும் அடங்கும். தலையில் கால்கள் பொருந்தும் இடம் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. மறுபடியும் ஆரம்தான்.

கவட்டையின் கைகள்தான் பலவீனம். இரண்டு கைகளும் அடியில் மட்டும் பிடிமானம் கொண்டவை. உயரம் கூடக் கூட அவை வேகமாக இளகும். 18 மி.மீ. பிளைவுட்டை இரண்டாக ஒட்டிக் கை செய்து, அடியில் முக்கோணத் தாங்கு வைத்தால் சமாளிக்கலாம். சிலர் ஒற்றைக் கையோடு நிறுத்தி, குழாயை ஒரு பக்கமாகத் தொங்கவிடுகிறார்கள். எடை குறையும், உச்சியைப் பார்க்கவும் வசதி. ஆனால் குழாய் கையை ஒட்டியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபக்கம் எதிர்எடை தொங்கவிட நேரும்.

மேல்கீழ் அச்சுக்கு வெறும் போல்ட்டைத் துளையில் போட்டு முடுக்கிவிடுவதுதான் பலரும் செய்யும் கோளாறு. முடுக்கினால் இறுகும், தளர்த்தினால் தலை தொங்கும், நடுவில் நல்ல நிலையே கிடைக்காது. அதற்குப் பதில் 15 முதல் 20 செ.மீ. விட்டமுள்ள இரண்டு பிளைவுட் தட்டுகளை எதிரெதிரே வைத்து, விளிம்பை ஒட்டி டெஃப்ளான் துண்டுகள் பதித்து, நடுவில் ஒரு போல்ட்டும் கைப்பிடி நட்டும் போடுங்கள். போல்ட் அழுத்தம் மட்டும் தரும், வேலை செய்வது விளிம்பு. அப்படிச் செய்த கவட்டை, சிறு லென்ஸ் குழாயின் கீழ் மிக நன்றாக நடந்துகொள்ளும். 15 செ.மீ. நியூட்டன் குழாயை அதில் ஏற்றுவது வீண் பிடிவாதம்.

சாய்ந்த அச்சு

ஈக்வடோரியலின் கவர்ச்சி புரிகிறது. ஒரு அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக வைத்துவிட்டால், அந்த ஒன்றை மட்டும் மணிக்கு 15 பாகை வீதம் திருப்பினால் போதும், பொருள் பார்வையிலேயே நிற்கும். ஜெர்மானிய லென்ஸ் வல்லுநர் ஃபிரான்ஹோஃபர் 1824-இல் டார்பாட் (இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு) வானாய்வகத்துக்குச் செய்துகொடுத்த லென்ஸ் தொலைநோக்கி இந்த வகைதான். ஜெர்மன் ஈக்வடோரியல் என்று இன்றும் கடைகளில் இருப்பது அதன் வாரிசு.

உலோகத்தில் இது சரி. மரத்தில் இது மரத்தின் பலவீனங்களையே தேடிப் போகும் வடிவம். சாய்ந்து தொங்கும் தண்டு, அதன் முனையில் குறுக்கே இன்னொரு தண்டு, ஒரு பக்கம் குழாய், மறுபக்கம் எதிர்எடை. பளு எல்லாம் இரண்டு சிறிய துளைகளில் வந்து முட்டுகிறது. அதனால்தான் வீட்டில் செய்கிறவர்கள் உடலை மரத்தில் செய்தாலும் அச்சுக்குத் தண்ணீர்க்குழாய் மூட்டுகளை வாங்கி, மரையையே பேரிங்காகப் பயன்படுத்துகிறார்கள். நியூட்டன் குழாயை இதில் ஏற்றினால் ஐபீஸ் சில திசைகளில் தரையைப் பார்த்தும் சில திசைகளில் எட்டாத உயரத்திலும் போய் நிற்கும் என்பது தனிக் கதை.

அட்சரேகையும் விளையாடுகிறது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கத் துருவ அச்சு படுத்துக்கொள்ளும். 50 பாகையில் ஒய்யாரமாக நிற்கும் கவட்டை வகை ஈக்வடோரியல், 10 பாகையில் சுவரில் அடித்த நீட்டுக்கோல் மாதிரி முழுப் பளுவையும் ஓரத்தில் தொங்கவிடும். ஜெர்மன் வகையில் எதிர்எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும்.

அமெரிக்காவின் பாலமர் மலையில் உள்ள, 200 அங்குல ஆடி கொண்ட ஹேல் தொலைநோக்கி இந்தச் சிக்கலுக்குக் கண்ட வழி யோசிக்க வைக்கிறது. அதன் துருவ அச்சின் மேல்முனை ஒரு தண்டில் முடியவில்லை. 14 மீட்டர் அகலமுள்ள குதிரைலாட வளையமாக விரிந்து, எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. மரத்தில் ஈக்வடோரியல் செய்தே தீருவேன் என்பவர் பின்பற்ற வேண்டியது அந்த லாடத்தை. ஆனால் அது பாதி அறையை அடைத்துக்கொள்ளும், தூக்கிக்கொண்டு வெளியே போக முடியாது.

படம் எடுப்பதுதான் ஆசை என்றால், அதுவும் கேமராவும் அகலப் பார்வை லென்ஸும்தான் என்றால், இவ்வளவு பாடும் வேண்டாம். இரண்டு பலகை, ஒரு கீல், ஒரு மரைக்கம்பி போதும். கீலைத் துருவத்தை நோக்கி வைத்து, மரைக்கு மரை 1 மி.மீ. இடைவெளியுள்ள கம்பியைக் கீலிலிருந்து 228.6 மி.மீ. தள்ளிப் பொருத்தி நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றினால் வானத்தின் வேகம் வந்துவிடும். நேர்க்கம்பி என்பதால் கோணம் விரிய விரியப் பிழை சேரும், சில நிமிட எக்ஸ்போஷருக்கு அது உறுத்தாது.

எந்த மரம்

இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 18 மி.மீ. கனத்தில், பல அடுக்குள்ள பிர்ச் அல்லது மெரைன் பிளைவுட். கட்டை மரம் இழைக்குக் குறுக்கே ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். முக்காலிக் காலுக்கு அது நல்லது, வட்டத்துக்கு ஆகாது, வட்டம் நீள்வட்டமாகிவிடும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) நேர்த்தியாக வெட்டுப்படும், ஆனால் கனம், பனி இறங்கினால் விளிம்பு உப்பிவிடும். பிளைவுட்டின் வெட்டுவிளிம்புகளுக்கு வார்னிஷ் இரண்டு கை கூடுதலாகக் கொடுங்கள். மூட்டில் பளுவைத் தாங்குவது பசை. திருகு, பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்கத்தான்.

பெட்டியும் மேடையும்

பெட்டி வைத்திருப்பவர் வானத்தைத் தொடர்ந்து துரத்த அலுத்துப்போனால், சாய்ந்த அச்சுக்குத் தாவ வேண்டியதில்லை. பிரான்ஸின் ஆட்ரியன் பான்சே 1977-இல் பிரபலப்படுத்திய சுழல்மேடையைப் பெட்டிக்கு அடியில் வைக்கலாம். மேல்பலகை, கண்ணுக்குத் தெரியாத ஒரு துருவ அச்சைச் சுற்றி, பெட்டியையும் குழாயையும் சேர்த்து மெல்லச் சாய்க்கும். சுமார் ஒரு மணி நேரம் ஓடும், பிறகு பழைய நிலைக்குத் தள்ளிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அச்சே இல்லாத ஈக்வடோரியல் இது. வளைந்த மரத் துண்டுகள்தான் அச்சின் வேலையைச் செய்கின்றன, அவற்றின் ஆரமோ பெரிது.

இங்கும் அட்சரேகை வேறுபாடு உண்டு. ஒரு மணி நேர ஓட்டத்தில் நடுநிலையிலிருந்து இருபுறமும் 7.5 பாகை திரும்பும்போது, 50 பாகை அட்சத்தில் பெட்டி பக்கவாட்டில் சாய்வது ஏறக்குறைய 4.8 பாகை, 10 பாகை அட்சத்தில் 7.4. அதனால் தாழ்ந்த அட்சங்களில், கற்பனை அச்சு தொலைநோக்கியின் எடை மையம் வழியே போகும்படி வளைவுகளை வெட்டுவதில் சமரசம் கூடாது. தப்பினால் சாயச் சாய மோட்டாருக்குப் பளு கூடும், எல்லை மீறினால் கவிழவும் செய்யும். வடிவமும் மாறி, இரண்டு முனையிலும் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும் வளைவுகள் கொண்ட தொட்டில்போல ஆகிவிடும்.

ஆகவே முதலில் பெட்டியைச் செய்யுங்கள், மேடையைப் பிறகு பார்க்கலாம். பெட்டியின் அடிப்பலகையை மைய போல்ட் ஒன்றால் மட்டும் பிடித்து, கழற்றக்கூடியதாக விடுங்கள். மேடை செய்யும் நாளில் அதன் மேல்பலகையிலேயே மூன்று டெஃப்ளான் துண்டுகளையும் பதித்துவிட்டால் பழைய அடிப்பலகை தேவைப்படாது, ஐபீஸின் உயரமும் அந்த அளவுக்குக் குறையும்.